சிட்டி கோல்ஃபுக்கு 1/24 அளவில் உதிரி பாகங்கள்: செய்த கதையும் விலை போட்ட கதையும்

1/24 அளவு (நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு) மாடல் காருக்கு ஒரு சக்கரம் பிரிண்ட் செய்ய எனக்கு ஆகும் ரெசின் (வெளிச்சத்தில் உறையும் திரவப் பிளாஸ்டிக்) செலவு, தென்னாப்பிரிக்கப் பணத்தில் சுமார் ஒரு ரேண்டு. நாலு சக்கரம் சேர்ந்த செட்டை 120 ரேண்டுக்குக் கொடுக்கிறேன். "நாலு ரேண்டு பொருளுக்கு நூற்றிருபதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கைப் பிரித்துக் காட்டினால் "இதில் உனக்கு என்னப்பா மிச்சம்?" என்று அவர்களே திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விதான்.

நான் டர்பனுக்கு வடக்கே வெருலமில் இருக்கிறேன். கராஜின் ஒரு மூலையில் ரெசின் பிரிண்டர், பிரஷர் பாட் (காற்றழுத்தப் பாத்திரம்), பழைய கம்ப்ரசர் ஒன்று. பல வருஷமாகக் கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய மாடல் பாகங்களின் பெட்டி) வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தவன், இப்போது கிட்டில் இல்லாத பாகங்களைச் செய்துகொண்டிருக்கிறேன். காரணம் ஃபோக்ஸ்வாகனின் சிட்டி கோல்ஃப் கார்.

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இரண்டாம் தலைமுறை கோல்ஃப் வந்த பிறகும், முதல் தலைமுறையின் உடலை வைத்தே 1984 முதல் 2009 வரை இங்கே யூட்டன்ஹேகில் (இப்போது கரீகா என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) செய்துகொண்டிருந்தார்கள். பீனிக்ஸ், சாட்ஸ்வர்த், தொங்காட் என்று எந்தத் தெருவில் நின்றாலும் ஒன்றாவது கண்ணில் படும். முதல் சம்பளத்தில் வாங்கியது, அப்பா ஓட்டிப் பிறகு மகன் ஓட்டியது, எஞ்சின் மாற்றி ராத்திரி இரைச்சலோடு போவது என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். ஆனால் மாடல் கடையில் போய்க் கேட்டால் கிடைப்பது ஐரோப்பிய கோல்ஃப் ஜிடிஐ மட்டும்தான்.

ரெவெல் கம்பெனியின் 1/24 ஜிடிஐ கிட் நல்ல கிட். அதில் குறை எதுவும் இல்லை, வண்டிதான் நம்முடையது இல்லை. அது பக்கத்துக்கு ஒரு கதவு உள்ள உடல். சிட்டி கோல்ஃபுக்குப் பக்கத்துக்கு இரண்டு. பின் ஜன்னலுக்குப் பக்கத்திலுள்ள தூணில் வரிவரியாகப் பள்ளம் விழுந்த அமைப்பு ஒன்று உண்டு. தூரத்தில் வரும்போதே சிட்டி என்று அடையாளம் காட்டுவது அதுதான். முன் கிரில் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும், பம்பர் பிளாஸ்டிக். வர்ணத்தை மட்டும் சிவப்பாக அடித்துவிட்டு "இதுதான் சிட்டி" என்று கொடுத்தால் இங்கே யாரும் ஏமாற மாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம். முதல் தலைமுறை கோல்ஃபின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2400 மி.மீ. 24ஆல் வகுத்தால் சரியாக 100. வண்டியில் டேப் வைத்து எடுக்கிற எந்த அளவையும் மனக்கணக்காகவே சரிபார்க்கலாம். அகலம் 1610, மாடலில் 67 மி.மீ. சொச்சம். இப்படி வாகாக அமைவது அபூர்வம்.

அளவெடுக்கப் பக்கத்துத் தெரு அங்கிள் தன் வண்டியைக் கொடுத்தார். கதவு இடைவெளிகளுக்கு வெர்னியர் அளவுகோல் போதும். தூணின் பள்ளத்துக்குப் போதாது, அது வளைவும் சரிவுமாகப் போகிறது. டிரேசிங் பேப்பரை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து அப்படியே உரு எடுத்தேன். அந்தத் தாளை ஸ்கேன் செய்து அதன்மேல் வரைவது எந்தப் புகைப்படத்தையும் விட நம்பகமானது. படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று ஜூம் பண்ணி எடுங்கள். கிட்டே நின்று போனில் எடுத்தால் முன்பகுதி வீங்கித் தெரியும். அதைப் பார்த்து வரைந்த மாடலும் வீங்கித்தான் வரும்.

சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். 13 அங்குல ரிம் என்றால் 330 மி.மீ., 24ஆல் வகுத்தால் 13.8 என்று வரைந்துவிடத் தோன்றும். அந்த 13 அங்குலம் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். வெளியே தெரிகிற விளிம்பு ஒவ்வொரு பக்கமும் இன்னும் 17 மி.மீ. போல எழுந்து நிற்கும். ஆக, கண்ணுக்குத் தெரியும் விட்டம் சுமார் 365, மாடலில் 15.2 மி.மீ. இந்த ஒன்றரை மில்லிமீட்டரை விட்டுவிட்டால் சக்கரம் சூம்பிப்போய்த் தெரியும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஃபைல்கள் பலவற்றில் இந்தக் கோளாறு இருக்கிறது.

நம் பையன்களில் பாதிப்பேருக்கு 13 வேண்டாம், 15 அங்குலம் வலைப்பின்னல் ரிம்தான் வேண்டும். அதுவும் சிக்கலில்லை. 175/70 R13 டயரின் முழு விட்டம் 575 மி.மீ., 195/50 R15 டயருக்கு 576. மாடலில் இரண்டுமே 24 மி.மீ. ரிம் பெரிதாகிறது, டயரின் பக்கச்சுவர் மெலிகிறது, வண்டியின் உயரம் மாறுவதில்லை. அதனால் ஒரே வெளி விட்டத்துக்கு இரண்டு ரிம் வரைந்து வைத்தால் போதும்.

கிரில் வேறு மாதிரித் தொல்லை. நிஜத்தில் 6 மி.மீ. தடிப்புள்ள பட்டை 1/24இல் கால் மில்லிமீட்டர். பிரிண்டர் அதை வரைந்துவிடும். பிரிண்டைத் தாங்கும் சப்போர்ட் குச்சிகளை வெட்டும்போது பட்டையும் சேர்ந்து வந்துவிடும். 0.35க்கு ஏற்றிவிட்டு, பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தை ஆழமாக்கிக் கறுப்பு வாஷ் (நீர்த்த வர்ணம்) விட்டேன். நிழல் விழுந்ததும் பட்டை மெல்லிசாகத் தெரிகிறது. வெர்னியர் பிடிப்பவர்கள் குறை சொல்லலாம், சொல்லட்டும். ஹெட்லைட் கண்ணாடியைப் பிரிண்ட் செய்வதில்லை. தெளிவு ரெசின் யூவி வெளிச்சத்தில் கொஞ்சம் அதிகம் நின்றாலே மஞ்சளடிக்கிறது. 7 அங்குல விளக்குக்கு 7.4 மி.மீ. வட்டம், மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சில் அழுத்தி எடுத்துவிடுகிறேன்.

பிரிண்டரில் கவனிக்க வேண்டிய குணம் ஒன்று உண்டு. ரெசின் பிரிண்டர் ஒவ்வொரு அடுக்கையும் ஒரே மூச்சில் வெளிச்சம் காட்டி உறையவைக்கிறது. எவ்வளவு நேரம் ஓடும் என்பது பாகத்தின் உயரத்தைப் பொறுத்தது, எண்ணிக்கையைப் பொறுத்தது இல்லை. தட்டில் நாலு ரிம் வைத்தாலும் நாற்பது வைத்தாலும் அதே நேரம்தான். ஆகவே ஆர்டர் வந்ததும் ஓடிப்போய்ப் பிரிண்ட் போடுவதில்லை, தட்டு நிறையும்வரை சேர்த்து வைக்கிறேன். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கற்ற பழக்கம் இது. அட்டவணையில் இரண்டு வெட்டுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்து, அதற்குள் முடிகிற உயரத்துக்கே பாகங்களைச் சாய்த்து வைப்பேன். பாதியில் நின்று மறுபடி தொடங்கிய பிரிண்டில் ஒரு கோடு விழும், பெயிண்ட் அடித்தாலும் மறையாது.

பக்கவாட்டுப் பலகைகளை மட்டும் பிரிண்டாகக் கொடுப்பதில்லை. நீளமாக, மெல்லிசாக இருப்பவை நாளாக நாளாக வளைகின்றன. ஒன்றைப் பிரிண்ட் செய்து, தேய்த்து, பிரைமர் அடித்து அதை மூலமாக வைத்துச் சிலிக்கான் அச்செடுத்து, பாலியூரித்தேன் வார்க்கிறேன். இங்கே இரண்டு எச்சரிக்கை. பிளாட்டினம் வகைச் சிலிக்கான் யூவி ரெசின் மூலத்தின் மேல் பட்டால், தொட்ட இடமெல்லாம் உறையாமல் பிசுபிசுவென்றே இருந்துவிடும். டின் வகைக்கு அந்தத் தொந்தரவு இல்லை, ஆனால் அது கொஞ்சம் சுருங்கும், அச்சின் ஆயுளும் குறைவு. சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு மூலத்தைச் சற்றுப் பெரிதாகச் செய்துகொண்டால் சரியாகிவிடும்.

இன்னொன்று டர்பனின் காற்று. பாலியூரித்தேனின் ஒரு பாதியில் ஐசோசயனேட் இருக்கிறது. ஈரம் பட்டால் அதனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு கிளம்பும், வார்ப்பு ரொட்டி மாதிரி நுரைத்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் இங்கே அடிக்கிற புழுக்கத்தில் ஒரு முறை திறந்த டின் சீக்கிரமே கெட்டுவிடுகிறது. வாங்கியதுமே சின்னச் சின்ன பாட்டிலில் பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள். மிஞ்சும் குமிழிகளுக்குப் பிரஷர் பாட், 40 பிஎஸ்ஐ. அச்சையும் அதே அழுத்தத்தில்தான் உறையவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சுக்குள் இருக்கும் காற்றுக்குமிழி அழுத்தத்தில் ஒடுங்கி, வார்ப்பில் கொப்புளம் வரும். கையுறையும் முகமூடியும் கட்டாயம். இந்தப் பொருட்களுக்கு ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் அதோடு பொழுதுபோக்கே முடிந்தது.

பெயிண்ட் வேலைக்கு வெருலமுக்கே உரிய ஒரு இடைஞ்சல்: கரும்பு எரிக்கும் காலம். காலையில் துணி காயப்போடும் கொடியில் கறுப்புத் தூள் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லாக்கர் பெயிண்ட் டப்பாவைத் திறப்பேன். நம் முன்னோரை இந்த ஊருக்கு இழுத்துவந்த கரும்பு இன்னும் நம்மை விடவில்லை.

இனி விலை. சிட்டி செட் ஒன்றில் இரண்டு பக்கவாட்டுப் பலகை, கிரில், இரண்டு பம்பர். ரெசின், சிலிக்கான், ஐபிஏ (பிரிண்டைக் கழுவும் ஆல்கஹால்), கையுறை எல்லாம் பங்கிட்டால் 45 ரேண்டு. வார்த்து, பிசிறு வெட்டி, தேய்த்து முடிக்க இரண்டு மணி நேரம். என் நேரத்துக்கு மணிக்கு 80 ரேண்டு என்று வைத்திருக்கிறேன். 2025 மார்ச்சில் இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்டாக உயர்ந்தது. பொழுதுபோக்குதானே என்று நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விற்பவர்கள் தங்களுக்கே அந்தக் கூலியைக் கொடுப்பதில்லை, கூடவே மற்றவர்களின் விலையையும் கெடுக்கிறார்கள். இதை நான் கடுமையாகவே சொல்வேன்.

45உம் 160உம் சேர்ந்து 205. நாலில் ஒன்று கழிவாகப் போகும் என்று வைத்து 0.75ஆல் வகுத்தால் 273. பெட்டியும் பஞ்சும் 20. ஆக 293. இதுவரை யாரும் சண்டைபோட மாட்டார்கள். சண்டை வடிவமைப்பு நேரத்தில்தான். அளவெடுத்து, வரைந்து, திருத்தி, மூலத்தைத் தயார்செய்த வேலைக்கு 40 மணி நேரம், 3200 ரேண்டு. இதை எத்தனை செட்டால் வகுப்பது? இருபது விற்கும் என்றால் தலைக்கு 160, மொத்தம் 453. எட்டுதான் விற்கும் என்றால் தலைக்கு 400, மொத்தம் 693. பொருள் ஒன்றே, கைவேலை ஒன்றே, விலை மட்டும் 240 ரேண்டு தள்ளிப்போகிறது. ரெசின் மலிவா, பிரிண்டர் வேகமா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். விலையைத் தீர்மானிப்பது அந்த வகுக்கும் எண்.

அந்த எண்ணை ஊகிக்க வேண்டாம் என்று, மூலம் தயாரானதுமே படத்தைக் காட்டி முன்பணம் 100 ரேண்டு வாங்கிப் பெயர் எழுதத் தொடங்கினேன். "நல்லா இருக்கு அண்ணா, கட்டாயம் எடுக்கிறேன்" என்பவர்களை நான் எண்ணுவதில்லை, பணம் போட்டவர்களை மட்டும் எண்ணினேன். பதினாலு பேர். இருபதுக்கு மீதி ஆறு பேர் பிறகு வருவார்கள் என்று துணிந்து 480 வைத்தேன். கிட்டின் விலையைத் தொடக்கூடாது என்பதும் மனதில் இருந்தது. உதிரி பாகம் கிட்டை விட அதிகம் என்றால் எவ்வளவு ஆசை இருந்தாலும் கை பின்வாங்கும்.

சக்கரத்துக்கு இந்த வழி செல்லாது. வலைப்பின்னல் ரிம் உலகம் முழுக்கச் செய்கிறார்கள், ஃபைலே சும்மா கிடைக்கிறது. பொருள், அரை மணி நேரக் கைவேலை, கழிவு, வடிவமைப்புப் பங்கு எல்லாம் சேர்த்து எனக்கு 84 ஆகிறது. 120க்கு மேல் போனால் வாங்க ஆளில்லை. ஆனால் சக்கரத்தை நிறுத்த மாட்டேன், கதவு திறப்பது சக்கரம்தான். சக்கரம் கேட்டு வருபவர் மேசையில் சிட்டியின் தூணைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்.

வெளியூர்க்காரர்களுக்குக் கூரியர் செலவு நூறு ரேண்டைத் தொடுகிறது. ஒரு செட் சக்கரத்துக்கு அது அநியாயம். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களிடம் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே பெட்டியாக வாங்கச் சொல்கிறேன்.

பேரம் பேசுவதில் நம்மவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வண்டியைக் கொடுத்த அதே அங்கிள் வந்து செட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இந்தச் சின்ன பிளாஸ்டிக்குக்கு நானூற்றெண்பதா தம்பி?"

"உங்களுக்கு விலையே இல்லை அங்கிள், உங்க வண்டிதானே இது. எடுத்துட்டுப் போங்க."

"எனக்கு இதை ஒட்டத் தெரியாதே. நீயே முழுசாச் செஞ்சு, என் வண்டி கலர்ல, என் நம்பர் பிளேட்டோட குடு. அதுக்கு என்ன கேக்குற?"

முழு வண்டி செய்வது வேறு கணக்கு. நம்பர் பிளேட் டீகேல் (ஒட்டும் படம்), அவர் வண்டியில் மட்டும் இருக்கும் ரூஃப் ரேக், பின்கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர் எல்லாம் ஒரே ஒரு தடவைக்கான வேலை. வகுக்கும் எண் ஒன்று. அதனால் தனி ஆர்டருக்கு வடிவமைப்பை விலையோடு கலக்காமல் தனியாகவே கேட்கிறேன். முழுத் தொகையும் கொடுத்தால் அந்த ஃபைல் அவருக்கு மட்டும், வேறு யாருக்கும் அடிக்க மாட்டேன். மற்றவர்களுக்கும் விற்க ஒப்புக்கொண்டால் பாதி போதும். ரூஃப் ரேக்கை விற்கச் சம்மதித்தார். நம்பர் பிளேட்டை எவன் வாங்குவான் என்று சிரித்தார். பாதித் தொகை முன்பணமாகத் தந்தார், அங்கிளாக இருந்தாலும் அதை வாங்கிக்கொண்டேன். காவடி விரதம் முடிந்த பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

இப்போது நிசான் 1400 பக்கி (சின்ன பிக்கப் வண்டி) கேட்டு ஆள் வருகிறார்கள். ஹசேகவா கம்பெனியின் சன்னி டிரக் கிட் அதற்கு அடிப்படையாக உதவும், முகத்தை மாற்ற வேண்டியிருக்கும். அளவெடுக்க வண்டியும் தயார், தொங்காடில் ஒருவர் இன்னும் காய்கறி ஏற்றி ஓட்டுகிறார். முன்பணத்தோடு பன்னிரண்டு பெயர் சேர்ந்ததும் டிரேசிங் பேப்பரோடு கிளம்புவேன். இன்றைக்கு ஏழு.