ஓட்டாத வண்டிக்கு ஹெல்மெட் அபராதம்: ரத்து செய்ய வைத்த அனுபவம்

போன தீபாவளி முடிந்த வாரம் அப்பாவின் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. அவருடைய பைக் எண்ணைப் போட்டு, ஹெல்மெட் அணியாமல் ஓட்டியதற்கு 1,000 ரூபாய் அபராதம் என்று இருந்தது. இடம், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் போக வேண்டிய ஒரு நகரம். நாங்கள் இருப்பது திண்டுக்கல் பக்கம், அந்த வண்டி மாவட்ட எல்லையைத் தாண்டியதே கிடையாது, அதிலும் சலானில் போட்டிருந்த தேதியில் அது சர்வீஸுக்கு விட்டிருந்த வண்டி.

அப்பாவை வருத்தியது பணம் இல்லை. கூட வேலை பார்த்தவர் ஒருவர் தலையில் அடிபட்டு இறந்ததிலிருந்து, அடுத்த தெருவுக்குப் பால் வாங்கப் போனாலும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார். அவரைப் பார்த்து ஹெல்மெட் போடவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் ராத்திரி சாப்பிடும்போது, "விடுப்பா, போலீஸோட எதுக்கு வம்பு, கட்டிடலாம்" என்றார். முன்பு இதற்கு 100 ரூபாய்தான், 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதத்தை உயர்த்தியபோது 1,000 ஆனது. நூறு ரூபாயாக இருந்திருந்தால் நானும் சரி என்றிருப்பேனோ என்னவோ.

முதலில் அது உண்மையான சலான்தானா என்று பார்த்தேன். சலான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைலை (திறந்தால் போனில் செயலியை நிறுவிவிடும் ஃபைல்) அனுப்பி, அதைத் திறந்தவர்களின் வங்கிக் கணக்கைச் சுரண்டுகிற கூட்டம் இருக்கிறது. அதனால் வந்த லிங்க்கைத் தொடாமல், மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் இருக்கிற இ-சலான் பக்கத்துக்கு நானே போய் சலான் எண்ணைப் போட்டேன். உண்மைதான். படமும் இருந்தது.

அந்தப் படத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டும். போக்குவரத்துக் காவலர் பின்னாலிருந்து போனில் எடுத்த படம். சிவப்பு ஸ்கூட்டர், ஓட்டுகிறவர் தலையில் எதுவும் இல்லை, பின்னால் மடியில் பையோடு ஒரு அம்மா. அப்பாவுடையது கறுப்பு ஸ்பிளெண்டர். எண் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தால் கடைசி எண்ணின் இடது பக்கம் மழைச் சேறு அப்பியிருந்தது. உற்றுப் பார்த்தால் 3. சேற்றோடு சேர்த்துப் படித்தால் 8. அப்பா வண்டியின் கடைசி எண் 8.

அப்புறம் ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். அவர் சொன்ன முதல் விஷயம், கட்டாதே. சலான் தொகையைக் கட்டுவது சமாதானக் கட்டணம் மாதிரி, குற்றத்தை ஒத்துக்கொண்டு அதோடு முடித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம், கட்டிவிட்டுப் பிறகு போய் நான் செய்யவில்லை என்றால் எடுபடாது. அதற்காகச் சும்மாவும் இருக்கக் கூடாது. நிலுவைச் சலான் இருந்தால் நாளைக்கு வண்டியை விற்றுப் பெயர் மாற்றும்போது ஆர்டிஓ ஆபீஸில் தடங்கல் வரும். கட்டாத சலான், இணையத்திலேயே நடக்கிற மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே 'அபராதம் கட்டுகிறேன்', 'வழக்கை எதிர்கொள்கிறேன்' என்று இரண்டு வழி இருக்கும். இரண்டாவதை எடுத்தால் வழக்கு அந்த எல்லைக்கு உட்பட்ட வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அதாவது மூன்று மணி நேரப் பயணம், வாய்தா. அதற்கு முன்னாலேயே போலீஸிடம் முடித்துக்கொள்ளப் பார் என்றார்.

நான் இணையத்தில் தேடியபோது விதி 167ஏ என்று ஒன்று கண்ணில் பட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்த்தது. கேமரா மாதிரி மின்னணுக் கண்காணிப்பில் பிடிக்கிற வழக்குகளுக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், எண் பலகை தெளிவாகத் தெரியும் படம் வேண்டும் என்கிறது. அதைக் கடிதத்தில் எழுதலாமா என்று கேட்டதற்கு நண்பர் வேண்டாம் என்றார். நம்முடையது காவலர் கையால் பதிந்த சலான், சட்டம் பேசினால் பதிலுக்குச் சட்டம் பேசுவார்கள், நீ வண்டியை மட்டும் பேசு என்றார். அது நல்ல யோசனை என்று இப்போதும் நினைக்கிறேன்.

இ-சலான் தளத்திலேயே புகார் பகுதி இருக்கிறது. சலான் எண், போன் எண், விவரம் எழுதிப் படங்களை ஏற்றினால் ஒரு புகார் எண் கிடைக்கும். போட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து, சலான் போட்ட அலுவலகத்தை அணுகவும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தப்பு அவர்கள் பக்கம், அலைய வேண்டியது நாங்களா?

சரி என்று அந்த அலுவலகத்துக்கு ஒரு பக்க அளவில் கடிதம் எழுதினேன், அப்பா கையெழுத்து போட்டார். இங்கே ஒரு நுணுக்கம். ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) வண்டி வகை என்ற இடத்தில் மோட்டார் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் சேர்த்து ஒரே வகையாகத்தான் போட்டிருப்பார்கள், அதனால் அதைக் காட்டிப் பயனில்லை, மாடலையும் நிறத்தையும் காட்ட வேண்டும். சலான் படத்தையும் எங்கள் வண்டியைப் பின்னாலிருந்து எடுத்த படத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்தேன். ஆர்சி நகல், அந்தத் தேதியும் கிலோமீட்டரும் போட்ட சர்வீஸ் பில், புகார் எண், எல்லாம் சேர்த்து ஸ்பீட் போஸ்ட். (பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள், கவுண்டரில் பதிவு செய்து, சேர்ந்ததற்கு ஒப்புகையும் கேட்டு வாங்குங்கள்.)

இரண்டு வாரம் பதில் இல்லை. கார்த்திகையில் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது, அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே போனேன். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எஸ்ஐ ஒருவர் கூப்பிட்டு, நான் பேச ஆரம்பிக்கும் முன்பே இரண்டு படமும் அருகருகே இருந்த அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பெரிதாக்கி, திரையில் விரலை வைத்துச் சேற்றை மறைத்தார். "இது மூணுதான் சார், எட்டில்ல" என்று அவரே சொன்னார். கடைசி எண்ணை மாற்றித் தேடியதும் சிவப்பு ஸ்கூட்டர் வந்தது. மேலதிகாரி ஒப்புதல் கொடுத்ததும் ரத்தாகிவிடும் என்று கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் போட்டுக் கொடுத்தார். அதை நான் கேட்டு வாங்கினேன், நீங்களும் வாங்காமல் வராதீர்கள்.

வெளியே வரும்போது அப்பா, "அந்தம்மாவும் ஹெல்மெட் போடலையே, பாத்தியா" என்றார். பின்னால் உட்காருகிறவருக்கும் அது கட்டாயம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒன்பதாவது நாள் எங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது நிலுவைச் சலான் எதுவும் இல்லை என்று வந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கேட்டார் அப்பா. நான்காக மடித்து ஆர்சி கவருக்குள் வைத்திருக்கிறார்.