நிற்கப் பழகிய கால்கள்

மதுரையில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, ஜவுளிக்கடையில் விற்பனை செய்யும் பெண்களின் கால்கள் பார்த்தவுடனே தெரிந்துவிடும். கெண்டைக்காலின் பின்புறம் சிரைகள் பச்சையாகச் சுருண்டு புடைத்திருக்கும். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துத் தடித்திருக்கும். மாலையில் விரலால் அழுத்தினால் பதிந்த குழி மறையச் சற்று நேரமாகும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் 10 மணி நேரம் நிற்பவருக்கு அந்த உதவி கிடைக்காமல், இரத்தம் தேங்கிச் சிரைகளின் வால்வுகள் நாளடைவில் தளர்ந்துபோகின்றன. பரம்பரையும் பிள்ளைப்பேறும் இதற்குக் காரணமாகலாம் என்றாலும், நிற்க வைத்தது யார் என்ற கேள்வி மருத்துவக் குறிப்பேட்டில் இடம்பெறுவதில்லை.

அப்படி வந்த ஒருவர், பக்கத்தில் நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே பேசினார். மூன்று முறை சொன்ன பிறகே அதன் விளிம்பில் அமர்ந்தார். அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதாகச் சொன்னவரிடம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "குடிச்சா போகணுமே மேடம், அதுக்கு சூப்பர்வைசர்கிட்ட போய்க் கேட்கணும்" என்றார். உடன் வேலை பார்க்கும் ஆண்கள் டீ குடிக்கப் போகும் வழியிலேயே அந்த வேலையை முடித்துவிடுகிறார்கள். பெண்ணின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளமே உள்ளதால் தொற்று எளிதில் ஏறும் என்று படித்திருக்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் தாகத்தை அடக்கக் கற்றுக்கொடுத்தது உடற்கூறு அல்ல.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளியான விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடியது. கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி தரவேண்டும் என்னும் 22-அ பிரிவு சேர்க்கப்பட்டது. என்னிடம் வந்த அந்தப் பெண்ணின் கடையிலும் ஸ்டூல் வந்தது.

"உட்கார்ந்தா ஒரு மாதிரி இருக்கு மேடம். வீட்ல மாமனார் முன்னாடியே உட்கார்ந்ததில்ல" என்று அவர் சொன்னபோதுதான், ஆண்கள் எதிரே வந்தால் எழுந்துவிடும்படி சிறுவயதிலிருந்தே வளர்க்கப்பட்ட முழங்கால்களுக்குச் சட்டம் இன்னும் எட்டவில்லை என்பது புரிந்தது. நின்றபடியே குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியைத்தான் அதுவரை எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவந்தேன். அது நல்ல பயிற்சிதான். ஆனால் மேலும் அதிக நேரம் நிற்பதற்கு அவர்களைத் தயார்செய்கிறேனோ என்ற உறுத்தல் அன்று முதல் இருக்கிறது. இப்போதெல்லாம் முதல் பயிற்சியாக, நாற்காலியில் முழுதாக அமர்ந்து முதுகைச் சாய்க்கச் சொல்கிறேன். அவருக்கு அது கைவர மூன்று வாரங்கள் ஆயின.