தத்தியோடு ஓர் அக்டோபர்

9 அக்டோபர் 2024, புதன்

இன்று பிரெஞ்சு நகைச்சுவைப் படங்களை இயக்கி நடித்த ழாக் தத்தியின் பிறந்தநாள். 1907-இல் பாரிஸுக்குப் பக்கத்தில் லு பெக் என்ற ஊரில் பிறந்தார். முழுப்பெயர் தத்திஷெஃப், தாத்தா ரஷ்யப் பிரபு, அங்கிருந்து வந்த வால் அது. மேடைக்கு வந்தபோது வாலை நறுக்கிவிட்டார். நறுக்கியது தமிழுக்கு நல்லதாகப் போயிற்று. தத்தி என்றால் மக்கு என்று திட்டவும் செய்கிறோம், குழந்தை தத்தித் தத்தி நடக்கிறது என்று கொஞ்சவும் செய்கிறோம், படங்களில் அவர் உருவாக்கி நடித்த முசியே உலோ என்ற பாத்திரத்துக்கு இரண்டுமே பொருந்தும். ஆறடிக்கு மேல் உயரம், கணுக்கால் தெரியும் பேன்ட், வாயில் பைப், எதிர்க்காற்றில் நடப்பவன் மாதிரி முன்னால் சாய்ந்து, குதிகால் தரையில் பட்டும் படாமலும் ஒரு நடை.

எனக்கு நடை முக்கியம். பத்து வருஷமாக மற்றவர்கள் நடப்பதற்குச் சத்தம் போடுவதுதான் என் பிழைப்பு. எஃபெக்ட்ஸ் வேலை. கதாநாயகன் நடந்தால் ஷூ, அம்மா நடந்தால் ரப்பர் செருப்பு, பேய் நடந்தால் கொலுசு. தத்தி மொத்தமே ஆறு முழுநீளப் படங்கள்தான் எடுத்தார். தீபாவளிக்குள் ஆறையும் மறுபடி பார்த்துவிடுவது, பார்த்ததை இங்கே எழுதுவது என்று திட்டம். பார்ப்போம்.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. ஒலிக்கூடத்தில் எல்லா மைக்குக்கும் சந்தனம், குங்குமம். பொரிகடலை வாங்கிக்கொண்டு மதியமே வீட்டுக்கு வந்து முதல் படம் பார்த்தேன், 1949-இல் வந்த 'ழூர் தெ ஃபெத்'. பெயருக்கு அர்த்தமே திருவிழா நாள்.

தத்தியின் வீட்டுத் தொழில் சுவரில் மாட்டும் படங்களுக்குச் சட்டம் போடுவது. பையன் அதை விட்டுவிட்டு ரக்பி ஆடினான், ஆடியதைவிட ஆட்டம் முடிந்ததும் ஆடினவர்களைப் போல நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்ததுதான் அதிகம். அதையே 1930-களில் மியூசிக் ஹால் மேடைக்குக் கொண்டுபோனார். டென்னிஸ், குத்துச்சண்டை, குதிரையேற்றம், எல்லாமே வெறும் உடம்பால். குதிரையும் அவரே, மேலே இருப்பவனும் அவரே. எழுத்தாளர் கொலெத் அதைப் பார்த்து மயங்கிப் புகழ்ந்து எழுதினார்.

இந்தப் படத்தில் அவர் பிரான்சுவா என்ற கிராமத்துத் தபால்காரர். ஊருக்கு ராட்டினம் வருகிறது, கூடாரத்தில் அமெரிக்கத் தபால்துறை பற்றி ஒரு படம் ஓட்டுகிறார்கள், ஹெலிகாப்டர் எல்லாம் வருகிறது. ஊர்க்காரர்கள் இவரை உசுப்பேற்றிவிட, மறுநாள் சைக்கிளில் பேய் வேகம். ஓடுகிற லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அதையே மேசையாக்கிக் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறாரே, அந்த இடத்தில் பொரி புரையேறிவிட்டது.

கலர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1947-இல் சேந்த் செவேர் என்ற கிராமத்தில் இதைக் கலரில் எடுத்தார்கள், தாம்சன்கலர் என்ற புது முறை. திருவிழா வந்தால்தான் ஊருக்கே கலர் வர வேண்டும் என்று கதவுகளுக்கு மங்கின பெயின்ட் அடித்து, ஜனங்களுக்குக் கறுப்பு உடை மாட்டி, அத்தனை ஏற்பாடு. கடைசியில் அந்தக் கலர் ஃபிலிமை யாராலும் பிரின்ட் போட முடியவில்லை! நல்லவேளை, பக்கத்தில் இன்னொரு கேமராவில் கறுப்பு வெள்ளையிலும் ஓட்டியிருந்தார்கள், அதுதான் தியேட்டருக்குப் போனது. கலர் பிரதி 1995-இல்தான் வெளிவந்தது. எடிட்டரான மகள் சோஃபி முன்னின்று மீட்டெடுத்தார். அப்பா போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது.

13 அக்டோபர், ஞாயிறு

'முசியே உலோவின் விடுமுறை', 1953. கதை கிடையாது. சான் மார்க் என்ற கடற்கரை ஊர், ஒரு ஓட்டல், லீவுக்கு வந்த மனிதர்கள், லொடலொட அமில்கார் காரில் வந்து இறங்கும் உலோ. முதல் காட்சியிலேயே ரயில் நிலையம். ஒலிபெருக்கியில் என்னவோ அறிவிக்கிறார்கள், ஒரு வார்த்தை புரியவில்லை, கும்பல் மூட்டை முடிச்சோடு ஒரு பிளாட்பாரத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறி ஓடுகிறது. இதைச் சிரிக்க மொழி தேவையில்லை.

ஆனால் நான் எழுத வந்தது சாப்பாட்டுக் கூடத்துக் கதவைப் பற்றி. இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு. பரிமாறுபவர் போகும்போதும் வரும்போதும் 'டொங்' என்று ஒரு சத்தம், பெரிய தந்தி வாத்தியத்தில் ஒற்றைத் தந்தியைச் சுண்டினது போல. கதவு ஏன் இப்படிக் கத்துகிறது என்று படத்தில் யாரும் கேட்பதில்லை, எண்ணெய் விடுவதுமில்லை. பேசுகிற வசனமெல்லாம் முணுமுணுப்பாகப் பின்னால் போய்விடுகிறது, கதவு முன்னால் வந்து நிற்கிறது. படப்பிடிப்பில் பதிவான ஒலியை நம்பாமல், பிறகு ஒவ்வொரு சத்தமாகச் செய்து ஒட்டுவது அவர் வழக்கம். நம் ஊரிலும் முப்பது நாற்பது வருஷம் அப்படித்தானே எல்லாப் படமும் செய்தோம். நாம் வசனத்துக்காக டப்பிங் செய்தோம், மற்ற சத்தமெல்லாம் இடைவெளி நிரப்ப. அவர் தலைகீழ்.

இன்னொரு கிறுக்குத்தனம். படம் வந்து இருபத்தைந்து வருஷம் கழித்து, 1978-இல், அதே கடற்கரைக்குத் திரும்பிப் போய், படகு நடுவில் மடிந்து சுறா வாய் மாதிரி ஆகிற காட்சியை எடுத்துப் படத்தில் சேர்த்தார். இடையில் 'ஜாஸ்' என்ற சுறாப் படம் வந்திருந்ததே, அதற்காக. முடிந்த வேலை என்று ஒன்று அவருக்கு இல்லவே இல்லை.

15 அக்டோபர், செவ்வாய்

விடாத மழை. நாளைக்கு ரெட் அலர்ட் என்கிறார்கள், ஒலிக்கூடம் லீவு. வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியிருக்கும் வீடியோ நாலு குரூப்பில் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் கை தானாக வரிசையைத் தாண்டி 1971-இன் 'டிராஃபிக்'குக்குப் போய்விட்டது.

பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் கார் கண்காட்சிக்கு ஒரு கேம்பிங் வண்டியைக் கொண்டுபோக வேண்டும். பஞ்சர், சுங்கச்சாவடி, விபத்து, அவ்வளவுதான் படம். சிக்னலில் நிற்கும்போது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மூக்கை நோண்டுகிறவர்கள் வரிசையாக வருகிறார்கள். அப்புறம் மழை. ஒவ்வொரு காரின் வைப்பரும் உள்ளே இருப்பவர் மாதிரியே ஆடுகிறது. கிழவர் காரில் இழுத்து இழுத்து, வாயாடிகள் காரில் படபடவென்று. ஜன்னலுக்கு வெளியே நிஜ மழை, திரையில் மழை, எது எதன் சத்தம் என்று குழம்பியது.

மற்றபடி களைத்த படம். களைப்புக்குக் காரணம் அதற்கு முந்தைய படம். அதற்கு வருகிறேன்.

19 அக்டோபர், சனி

நான்கு நாளாக அந்தக் கதவு விடவில்லை. இன்று ரீல் முடிந்தபின் முயன்று பார்த்தேன். பழைய எவர்சில்வர் தூக்குவாளியின் வாயில் சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டிச் சுண்டினால் 'டப்'. வாளியில் கால் பங்கு தண்ணீர் ஊற்றினால் 'டொப்'. டியூபை விட்டுவிட்டு, கிதாரின் தடித்த கம்பியைப் பலகையில் ஆணி அடித்து இழுத்து, பலகையை வாளி மேல் வைத்துச் சுண்டியதில் கிட்டத்தட்ட வந்தது, ஆனால் கடைசியில் வாளியின் கிணுகிணுப்பு ஒட்டிக்கொண்டது. கைப்பிடியில் துணி சுற்றினேன், போகவில்லை. சீனியர் அண்ணன் டீயோடு வந்து பார்த்தார்.

"என்ன தம்பி, எந்தப் படத்துக்கு?"

"எதுக்கும் இல்லண்ணே. ஒரு கதவு."

"வீட்டுக் கதவா? எண்ணெய் விடுப்பா."

இரவு 'மோன் ஓன்க்ல்', அதாவது என் மாமா. 1958. கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு, பிறகு வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர். தத்தி உச்சியில் இருந்த நேரம். ஆர்ப்பெல் தம்பதியின் நவீன வீடு, நீஸ் ஸ்டூடியோவில் போட்ட செட். கேட் மணி அடித்தால் அம்மா ஓடிப்போய் ஸ்விட்ச் போடுகிறாள், முற்றத்து இரும்பு மீன் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது. வந்தவர் பெரிய மனுஷர் இல்லை, தம்பி உலோதான் என்றால் மீனை நிறுத்திவிடுகிறாள். பழைய பேட்டையில் மச்சில் குடியிருக்கும் உலோ ஜன்னலைச் சாய்த்துக் கண்ணாடி வெளிச்சத்தை எதிர்வீட்டுக் கூண்டுப் பறவை மேல் விழ வைக்கிறார், அது பாடுகிறது. ஜன்னலைத் திருப்பினால் நின்றுவிடுகிறது. திறந்து, மூடி, திறந்து பார்க்கிறார். சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் மிக்சிங் மேசையில் உட்கார்ந்திருக்கும் எவனுக்கும் அந்தக் கை தெரியும்.

24 அக்டோபர், வியாழன்

'ப்ளேடைம்', 1967. இரண்டு இரவாகப் பார்த்தேன், நடுவில் நிறுத்தி நிறுத்தி.

ஆஸ்கர் வாங்கிய ஆள், உலோவை வைத்தே வருஷத்துக்கு ஒரு படம் எடுத்து வசதியாக இருந்திருக்கலாம். அவருக்கு உலோ அலுத்துவிட்டான். எல்லோருமே உலோதான், கேமரா ஒருவன் பின்னாலேயே போகக் கூடாது என்று பிடிவாதம். 70 எம்.எம்., க்ளோசப் கிடையாது, ஒரே சட்டத்தில் ஐந்து இடத்தில் ஐந்து விஷயம் நடக்கும், எதைப் பார்ப்பது என்பது உங்கள் பாடு. இதற்காகப் பாரிஸின் கிழக்கு ஓரத்தில் ஒரு நகரத்தையே கட்டினார். தார்ச்சாலை, சிக்னல், தனி மின்நிலையம், சக்கரத்தில் நகரும் கட்டிடங்கள். ஜனங்கள் அதற்கு தத்திவீல், அதாவது தத்தியூர், என்று பெயர் வைத்தார்கள். புயல் வந்து செட்டைச் சாய்த்தது, பணம் தீர்ந்து வேலை நின்றது, மறுபடி கடன், மறுபடி வேலை. 1964-இல் ஆரம்பித்தது 1967 வரை இழுத்தது. தூரத்தில் நிற்கும் கூட்டத்தில் சிலர் ஆளே இல்லை, ஆள் உயரத்துக்கு வெட்டி நிறுத்திய போட்டோக்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் அவர்களைத் தேடுவதே தனி விளையாட்டு.

நான் நிறுத்தியது தாழ்வாரக் காட்சியில். உலோ ஒருவரைப் பார்க்க அலுவலகத்துக்கு வருகிறார். கிழட்டு வாயில்காப்பாளர் ஏதேதோ பொத்தான்களை அழுத்துகிறார். கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு நீண்ட தாழ்வாரம், கடைசியில் புள்ளியாக ஒருவர். டக் டக் டக். உலோ எழுந்திருக்கிறார். பொறு, இன்னும் இருக்கிறது என்று கிழவர் உட்கார வைக்கிறார். டக் டக் டக். ஆள் வந்துகொண்டே இருக்கிறார். சத்தம் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, ஆள் தூரத்தில் இருக்கிறார், சிரிப்பு முழுவதும் அந்த இடைவெளியில். வேறு எந்த இயக்குநரும் அந்த நடையை மூன்று விநாடியில் வெட்டியிருப்பார்.

அப்புறம் ராயல் கார்டன் உணவகம். பெயின்ட் காய்வதற்குள் திறந்துவிட்ட ஓட்டல், ஒரே இரவில் பிய்ந்து விழுகிறது, கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். கண்ணாடிக் கதவு நொறுங்கிப்போகிறது, காவலாளி வெறும் கைப்பிடியை மட்டும் காற்றில் பிடித்துக்கொண்டு இல்லாத கதவைத் திறந்து விடுகிறான், மூடுகிறான். வருகிறவர்களும் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போகிறார்கள். மேசை பக்கத்தில் ஒரு மீனுக்கு ஒவ்வொரு சர்வராக வந்து உப்பு மிளகு தூவிவிட்டுப் போகிறார்கள், யாரும் பரிமாறுவதில்லை.

25 அக்டோபர், வெள்ளி

நேற்று விட்டதை முடிக்கிறேன். படம் 1967 டிசம்பரில் வெளியானது, ஓடவில்லை. 70 எம்.எம். வசதி உள்ள தியேட்டரில்தான் காட்ட வேண்டும் என்றார், அப்படித் தியேட்டர் எத்தனை இருக்கும்? அமெரிக்காவுக்குப் போகவே 1973 ஆனது. இரண்டரை மணி நேரப் படத்தை அவரே வெட்டிக் குறைத்தார், பயனில்லை. கம்பெனி திவால். சான் ஜெர்மான் ஆன் லேயில் இருந்த குடும்ப வீடு விற்கப்பட்டது. முந்தைய படங்களின் உரிமையும் கைவிட்டுப் போனது. தத்திவீலையாவது இளம் இயக்குநர்கள் பயன்படுத்தட்டும் என்று ஆசைப்பட்டார், அதையும் இடித்துவிட்டார்கள்.

கலைஞனை உலகம் கொன்றுவிட்டது என்று எழுதுவது சுலபம். கடன் கொடுத்தவன் பக்கமும் கொஞ்சம் யோசிக்கிறேன். உலோவைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தவனிடம் போலி உலோக்களை நாலைந்து பேரைக் காட்டி, நிஜ உலோவைக் கூட்டத்தில் தொலைத்தால் அவன் எழுந்து போகத்தான் செய்வான். தத்திக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் செய்தார் என்பதால்தான் எனக்கு அவர் மேல் கோபமும் வருகிறது, பிரியமும் வருகிறது.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. காலை ஐந்து மணியிலிருந்து சரவெடி. கடைசிப் படமான 'பரேட்' பார்த்தேன், 1974, ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக சர்க்கஸ் கூடாரத்தில் பெரும்பாலும் வீடியோவில் எடுத்தது. அறுபத்தாறு வயதில் மேடையேறி அதே பழைய டென்னிஸ், அதே குதிரை. படமாகச் சுமார்தான். ஆனால் கால்களை மட்டும் பார்த்தால் முப்பது வருஷம் காணாமல் போகிறது.

'கன்ஃபியூஷன்' என்று அடுத்த படத்துக்குத் திரைக்கதை வைத்திருந்தார், எடுக்கவே இல்லை. 1982 நவம்பரில் பாரிஸில் இறந்தார். 2009-இல் அவரைப் பற்றிய கண்காட்சிக்குப் பாரிஸ் மெட்ரோவில் போஸ்டர் ஒட்டினார்கள். புகையிலை விளம்பரச் சட்டத்துக்குப் பயந்து உலோவின் வாயிலிருந்த பைப்பை எடுத்துவிட்டு மஞ்சள் காகிதக் காற்றாடியைச் செருகியிருந்தார்கள். தத்தியே எழுதியிருந்தால்கூட இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது.

4 நவம்பர், திங்கள்

வேலைக்குத் திரும்பியாயிற்று. இப்போது செய்கிற படத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு அப்பா நடந்து வரும் காட்சி. எடிட்டில் பதினோரு விநாடி. பாட்டா செருப்பு ஒன்றை எடுத்து, ஒரு காலில் வார் தளர்ந்தது போல நடந்து பார்த்தேன். சட், சரக். சட், சரக். இயக்குநர் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கே மியூசிக் வருகிறதே என்றார்.

"முதல் ஆறு விநாடி மட்டும் விட்டுக் கொடுங்க சார்."

யோசித்தார். நாலு தருகிறேன் என்றார். அண்ணன் பின்னாலிருந்து என் முதுகில் தட்டினார், வாங்கிக்கோ என்கிற மாதிரி. நாலில் எத்தனை அடி வைக்க முடியும் என்று செருப்போடு மறுபடி உள்ளே போனேன்.