வாளி வரிசையும் காற்றறையும்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் எங்கள் பக்கத்து வளவுக் குசினி பற்றி எரிந்தது. கிடுகுக் கூரை. மண்முனையில் அப்போது பாலம் இல்லை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். பட்டணத்திலிருந்து தீயணைப்பு வண்டி வரும் என்று யாரும் காத்திருக்கவில்லை. மாமா கூரையில் ஏறிக் கிடுகுகளை இழுத்துப் போட்டார். நாங்கள் கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றினோம். குசினி போய்விட்டது, வீடு தப்பியது.

இப்போது வயல்காரரின் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்துகிறேன். அதனால்தானோ என்னவோ, பழைய தீயணைப்பு எஞ்சின்கள் மீது தீராத ஆசை. பிலடெல்பியாவில் 1736இல் பெஞ்சமின் பிராங்ளின் தொடங்கிய தொண்டர் குழுவில் ஆளாளுக்குத் தோல் வாளியும், பொருட்களை அள்ளி மீட்கப் பைகளும் வைத்திருக்க வேண்டும். சரி, எங்கள் வரிசையும் அதுதானே!

லண்டனில் ரிச்சர்ட் நியூஷம் 1721இலும் 1725இலும் காப்புரிமை பெற்ற கைப்பம்பு வண்டி இன்னும் அழகு. இரு பக்கமும் ஆட்கள் நின்று நீளத் தண்டை மாறி மாறி அமுக்குவார்கள். ஒரு உலக்கைத்தண்டு (பிஸ்டன்) இறங்க, மற்றது ஏறும். நடுவில் ஒரு காற்றறை. அதில் நெருக்குப்படும் காற்று தண்ணீரைத் தொடர்ந்து தள்ளுவதால், விட்டுவிட்டுப் பீறிடாமல் ஒரே தாரையாகப் பாயும். இன்றைக்கும் பிஸ்டன் பம்பைக் கழற்றும்போது அந்தக் காற்றறையைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பேன்.