சுகியாகி என்றால் காதல் இல்லை, சாப்பாடு

மூன்று நாளாக ஒரே பாட்டுதான் ஓடுகிறது. 1961-இல் ஜப்பானில் கியூ சகாமோட்டோ பாடியது. கண்ணீர் சிந்திவிடக் கூடாதென்று அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறான் ஒருத்தன், அவ்வளவுதான் பாட்டு. நடுவில் ஒரு சீழ்க்கை வரும் பாருங்கள், அங்கேதான் நான் காலி.

1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடம், அதுவும் முழுக்க ஜப்பானிய மொழியிலேயே! ஆனால் வெளிநாட்டில் வைத்த பெயர் 'சுகியாகி'. அது மாட்டிறைச்சி போட்டுச் சமைக்கிற ஒரு சாப்பாடு. (வாயில் நுழைகிற பெயராம், சரி.)

காதல் தோல்விப் பாட்டு என்றே நானும் நினைத்திருந்தேன். ஆனால் பாட்டை எழுதிய ரொகுசுகே எய் என்பவருக்கு இருந்த வலியே வேறு. அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்த போராட்டம் தோற்றுப்போன ஏமாற்றம் அது. அந்தப் பாட்டைத்தான் அமெரிக்கா தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கிறது!