ஏ.பி. கெமிஸ்ட்ரியைத் தனியாகப் படித்து எழுதலாமா?

ஏ.பி. (Advanced Placement) கெமிஸ்ட்ரி என்பது அமெரிக்காவின் காலேஜ் போர்டு நடத்தும் கல்லூரி நிலை வேதியியல் தேர்வுங்க. கோவை, ஈரோடு பக்கம் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் இதை யோசித்தால், முதலில் பார்க்க வேண்டியது தேர்வு மையம்தானுங்க. தேர்வு மே மாதம். பதிவு பல மாதம் முன்பே முடிந்துவிடும். வெளி மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி கிடைத்த பிறகு புத்தகம் வாங்குங்க.

வெப்ப இயக்கவியல், வேதிச் சமநிலை, வினைவேகம், அயனிச் சமநிலை, மின்வேதியியல் எல்லாம் நம்ம பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடத்திலேயே இருக்கு. கரிம வினைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒளிமின்னணு நிறமாலை (அணுவிலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றி அவற்றின் ஆற்றலை அளக்கும் முறை) போன்ற சிலவற்றைப் புதிதாகப் படிக்கணும்.

கொள்குறி வினா 60, நேரம் 90 நிமிடம். எழுத்து வினா 7, நேரம் 105 நிமிடம். இரண்டுக்கும் சரிபாதி மதிப்பெண். சூத்திரத் தாள் அவங்களே தருவாங்க, கால்குலேட்டரும் உண்டு. அதனால் உருப்போடுவதில் பலன் இல்லை. காரணம் எழுதத் தெரியணும். நைட்ரஜனின் அயனியாக்க ஆற்றல் ஆக்சிஜனைவிட ஏன் அதிகம்? 'பாதி நிரம்பிய ஆர்பிட்டால், நிலைப்புத்தன்மை' என்று முடிப்பது நம் பழக்கம். அது போதாது. ஆக்சிஜனில் ஒரே 2p ஆர்பிட்டாலில் ஜோடியாக இருக்கும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் ஒன்று எளிதாக வெளியேறுகிறது என்று எழுதணும்.

ஆய்வகக் கேள்வியும் அப்படித்தான். இரும்புக் கரைசலைத் தரம்பார்க்கும்போது, பியூரெட்டைத் தண்ணீரில் மட்டும் கழுவிவிட்டுப் பெர்மாங்கனேட்டை ஊற்றினால் கரைசல் நீர்த்துப்போகும். செலவாகும் அளவு கூடும். கணக்கில் இரும்பின் செறிவு அதிகமாக வரும். இந்தச் சங்கிலியை முழுசாக எழுதணும்.

காலேஜ் போர்டு இலவசமாக வெளியிடும் பழைய எழுத்து வினாக்களில் ஒரு செட்டை நேரம் வைத்து எழுதி, அவங்க மதிப்பீட்டு வழிகாட்டியை வைத்தே திருத்துங்க. கணக்கில் மட்டும் தடுமாறினால் தனியாகவே படிக்கலாம். விளக்கம் எழுதுவதில் தடுமாறினால், திருத்தித் தர ஒரு ஆசிரியர் கட்டாயம் வேணுமுங்க.