நியமன உத்தரவை முதலில் படியுங்கள்

ராணுவ வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் சாட்சிகள் பட்டியலைத்தான் பலரும் புரட்டுவார்கள். அதற்கு முன்பு பார்க்க வேண்டியது நியமன உத்தரவு, அதாவது வழக்கை விசாரிக்கப்போகிறவர்கள் யார், அவர்களை நியமித்தவர் யார் என்று சொல்லும் காகிதம். பாரபட்சம் விசாரணையின்போது வெளிப்படுவது அபூர்வம். பெரும்பாலும் அது காகிதத்தில்தான் கிடக்கும்.

பிரிட்டனின் ஃபிண்ட்லே வழக்கை (1997) எடுத்துக்கொள்வோம். கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றத்தைக் கூட்டிய அதிகாரிதான் குற்றச்சாட்டுகளை முடிவு செய்தார். தீர்ப்புச் சொல்லும் உறுப்பினர்களை நியமித்தவரும் அவரே; அத்தனை பேரும் பதவியில் அவருக்குக் கீழே. தண்டனையும் அவர் உறுதி செய்தால்தான் செல்லும். ஜட்ஜ் அட்வகேட் என்ற சட்ட வல்லுநர் உட்கார்ந்திருந்தார், ஆனால் உறுப்பினராக அல்ல. தண்டனை பற்றிய அவருடைய ஆலோசனை தனியறையில் சொல்லப்பட்டது. விசாரணை சுதந்திரமானதாகவும் நடுநிலையானதாகவும் இல்லை என்றது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்.

சட்டம் திருந்தியது. 2003 டிசம்பர் 16 அன்று அதே நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. கூப்பர் வழக்கில் விமானப்படை தப்பியது, கிரீவ்ஸ் வழக்கில் கடற்படை மாட்டிக்கொண்டது. விமானப்படையின் ஜட்ஜ் அட்வகேட் சிவிலியன். கடற்படையிலோ அப்போது அவர் பணியிலிருந்த அதிகாரி, விசாரணை இல்லாத நாட்களில் வழக்கமான கடற்படை வேலை பார்த்தவர். இன்னொன்றும் உண்டு, பலர் கவனிக்காதது: சட்டம் படிக்காத உறுப்பினர்களுக்குத் தரும் வழிகாட்டிக் குறிப்பு. விமானப்படையின் குறிப்பு என்ன செய்யவேண்டும், யாரிடம் பேசக்கூடாது என்று படிப்படியாகச் சொன்னது. கடற்படையின் குறிப்பில் அந்த அளவு தெளிவும் விவரமும் இல்லை.

பிரிட்டனில் உறுப்பினராக உட்காரும் அதிகாரிக்கு ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவர் அவருடைய மேலதிகாரி. அதில் நீதிமன்றத்தில் அவர் எடுத்த முடிவைப் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது. வாக்களிப்பிலும் பதவியில் இளையவரே முதலில் சொல்வார். மூத்தவர் வாயைத் திறந்துவிட்டால் கேப்டனுக்குச் சொந்தக் கருத்து எங்கே மிஞ்சும்? இப்போது பெரிய வழக்குகளுக்கு 6 உறுப்பினர்கள், குற்றவாளி என்று முடிவு செய்ய 5 பேர் ஒத்துப்போக வேண்டும். குற்றம் உண்டா என்பதில் ஜட்ஜ் அட்வகேட்டுக்கு வாக்கு கிடையாது, தண்டனையில் உண்டு.

ஆளை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் துருக்கியைப் பார்க்கலாம். அங்கே 1999 நடுப்பகுதி வரை அரசுப் பாதுகாப்பு நீதிமன்றங்களில் மூன்று நீதிபதிகளில் ஒருவர் ராணுவத்தவராக இருந்தார். அவருடைய பதவி நான்கு ஆண்டு, நீட்டிக்கலாம் என்றிருந்தது; அவர்மீதான ஒழுங்கு நடவடிக்கை ராணுவத்தின் கையில் இருந்தது. 1999 ஜூனில் குர்து கிளர்ச்சித் தலைவர் ஓஜலானின் விசாரணை நடுவிலேயே ராணுவ நீதிபதியை எடுத்துவிட்டு சிவில் நீதிபதியை அமர்த்தினார்கள். சில நாளில் தீர்ப்பு வந்தது. முன்பாதியில் ராணுவ நீதிபதி உட்கார்ந்திருந்ததை அந்த மாற்றம் துடைத்துவிடவில்லை என்று 2005-இல் ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள அதே ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது.